மாணவ-வீரர்: ஒரு வார்த்தை மிச்சப்படுத்திய பணம்

காலேஜ் டீமில் விளையாடுபவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா? நம்மூரில் கேட்டால் சிரிப்பார்கள். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன சம்பளம்?" என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் இது கோடிக்கணக்கான டாலர் கேள்வி. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். கல்லூரி கூடைப்பந்துப் போட்டித்தொடர் ஒன்றை 14 வருடம் ஒளிபரப்ப, 2010-இல் டிவி நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 1080 கோடி டாலர். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, பல்கலைக்கழகக் கோச்சுக்கு! மைதானத்தில் இறங்கி அடிபடுபவருக்கு மட்டும் பல வருடங்களாகச் சம்பளம் பூஜ்யம்.

இந்த நிலை எப்படி வந்தது? கொஞ்சம் பின்னால் போவோம்.

1852-இல் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரின் வின்னிபெசாக்கி ஏரியில் படகுப் போட்டி நடத்தின. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டி இதுதான் என்பார்கள். மாணவர்களின் செலவை ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் கம்பெனி. கூட்டம் வந்தால் டிக்கெட் விற்குமே! ஆக, கல்லூரி விளையாட்டு முதல் நாளே வியாபாரத்தோடுதான் பிறந்தது.

"காசு வாங்காமல் விளையாடுவதே உயர்வு" என்ற கொள்கை இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன் யோக்கியதை என்ன தெரியுமா? ஹென்லி படகுப் போட்டியின் 1879 விதிப்படி, உடலுழைப்பால் பிழைக்கும் தொழிலாளி கலந்துகொள்ளவே முடியாது. காசு தேவைப்படாதவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட விதி அது.

1905-இல் கல்லூரிக் கால்பந்தில் (அமெரிக்கக் கால்பந்து, நம் ஃபுட்பால் அல்ல) மரணங்கள் அதிகமாகி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேசினார். அதையடுத்து உருவான அமைப்புதான் 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் இயங்குகிறது. வீரர்களுக்குக் காசு கூடாது என்றது விதி. ஆனால் 1929-இல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைப் போய்ப் பார்த்து வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான இடங்களில் ஏதோ ஒரு வழியில் காசு போகிறது என்றது. 1956-இல் என்.சி.ஏ.ஏ. வேறு வழியின்றி விளையாட்டுக்கான ஸ்காலர்ஷிப்பை அனுமதித்தது.

இந்த இடத்தில்தான் சிக்கல். விளையாடுவதற்காகப் பணம் கொடுத்தால், அது கூலி ஆகாதா?

1953-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் "ஆகும்" என்கிற மாதிரியே ஒரு தீர்ப்பு கொடுத்திருந்தது. டென்வர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது நெமெத் என்ற மாணவருக்கு அடிபட்டது. அவருக்குக் கல்லூரி வளாகத்தில் கிடைத்த வேலையே கால்பந்து ஆடுவதற்காகத்தான். எனவே அவர் ஊழியர், நஷ்ட ஈடு உண்டு என்றது கோர்ட்.

1955-இல் அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியில் ரே டென்னிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய மனைவி, தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டப்படி வழக்குப் போட்டார். 1957-இல் தீர்ப்பு வந்தது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை, டென்னிசன் விளையாட ஒப்பந்தம் எதுவும் இல்லை, எனவே அவர் ஊழியர் இல்லை. நஷ்ட ஈடு கிடையாது.

இந்தக் காலத்தில்தான் "ஸ்டூடன்ட்-அத்லெட்", அதாவது மாணவ-வீரர் என்ற சொல் விதிப் புத்தகங்களில் ஏறியது. வீரர்களை ஊழியர் என்று கோர்ட் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் தாங்கள் உருவாக்கிய சொல் அது என்று எழுதியவர் வேறு யாருமல்ல, என்.சி.ஏ.ஏ.வை 1951 முதல் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் நடத்திய வால்டர் பையர்ஸ். ஓய்வுக்குப் பிறகு 1995-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைச் சொல்லி, தான் கட்டிய அமைப்பையே கடுமையாக விமர்சித்தார்.

எங்கள் பி.காம். சட்டப் பேப்பரில் ஒரு சுலபமான சோதனை உண்டு. என்ன வேலை என்பதோடு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தால் அவர் முதலாளி. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது பயிற்சி, எந்த ஊருக்குப் பயணம் எல்லாம் கோச் கையில். 1973-இல் ஸ்காலர்ஷிப்பையும் வருடா வருடம் புதுப்பிப்பதாக மாற்றினார்கள். சரியாக ஆடவில்லையென்றால் அடுத்த வருடம் இல்லை. இதற்குப் பெயர் வேலை இல்லாமல் வேறென்ன?

அதன் பிறகு சுவர் மெதுவாக இடிந்தது. வீடியோ கேமில் தன் உருவத்தைப் பார்த்த முன்னாள் வீரர் எட் ஓபானன் 2009-இல் வழக்குப் போட்டார். 2021 ஜூனில், ஆல்ஸ்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் கோர்ட் ஏற்ற ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் தர வேண்டும். கல்லூரிகளும் முதல் வருடத்தில் தலா சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டுத் துறை லாபத்தில் இல்லை. கால்பந்துப் பணத்தில்தான் நீச்சலும் தடகளமும் பெண்கள் அணிகளும் ஓடுகின்றன. பணத்தை வீரர்களுக்குப் பிரித்தால் முதலில் அடி விழுவது இவற்றுக்குத்தான். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீச்சல் குளத்தின் செலவை ஏன் கால்பந்து வீரர் மட்டும் தன் கூலியை விட்டுக்கொடுத்து ஏற்க வேண்டும்? கோச்சும் விட்டுக்கொடுக்கலாமே!

என் கருத்து: கொடுக்க வேண்டும். ஆனால் இவ்வளவு டாலர் கைமாறிய பிறகும் ஒன்று மாறவில்லை. ஹவுஸ் சமரசம் அவர்களை ஊழியர்கள் என்று சொல்லவில்லை. 2024-இலிருந்து, ஆடி முடித்த பிறகும் இரண்டு வருடம் வரை காயங்களுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் டென்னிசனின் மனைவி கேட்டது விளம்பர வருமானமோ லாபத்தில் பங்கோ இல்லை. ஆட்டத்தில் செத்துப்போன கணவருக்கு, எந்த ஃபாக்டரித் தொழிலாளியின் குடும்பத்துக்கும் சட்டப்படி கிடைக்கக்கூடிய நஷ்ட ஈட்டைத்தான் கேட்டார். சம்பளம் பற்றிய விவாதத்தை அங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். எழுபது வருடம் ஆகப்போகிறது, அந்தக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?