எண்ணிக்கையிற் புலப்பட்ட மரணங்கள்

கைத்தொழிற் பிரதேசங்களின் புகை உயிருக்கு ஊறு விளைவிக்கும் என்ற ஐயம் நெடுங்காலமாகவே நிலவிவந்தது. எனினும், குறித்த ஒருவரின் மரணத்துக்குப் புகையே காரணம் என அறுதியிட்டுக் கூறுவது வைத்தியருக்கு அரிது. மரணச் சான்றிதழில் இருதய நோய் என்றோ சுவாச நோய் என்றோ எழுதப்படும், புகை எழுதப்படுவதில்லை. எழுதப்படாத இக்காரணத்தைப் புள்ளிவிபரவியல் எவ்வாறு வெளிக்கொணர்ந்தது என்பதை இங்கு நோக்குவோம்.

1930 டிசெம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் ஆலைப்புகை மூடுபனியோடு கலந்து தேங்கியபோது, சில நாட்களுள் 60 பேர் வரையில் இறந்தனர். அதனை ஆராய்ந்த ஃபிர்கே என்னும் அறிஞர், இறந்தோர் தொகையைச் சனத்தொகையோடு ஒப்பிட்டு, இத்தகைய புகைமூட்டம் இலண்டனில் ஏற்படின் ஏறக்குறைய 3,200 பேர் மடியக்கூடும் எனக் கணித்தார். 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைமூட்டம் சூழ்ந்தது. வழமைக்கு மேலாக ஏறக்குறைய 4,000 மரணங்கள் நிகழ்ந்ததாக அன்று மதிப்பிடப்பட்டது. அடுத்த மாதங்களிலும் தொடர்ந்த மிகை மரணங்கள் இன்புளுவென்சாவின் கணக்கில் எழுதப்பட்டன. அவற்றையும் புகையோடு தொடர்புபடுத்திய பிற்கால ஆய்வாளர், மொத்தம் 12,000 வரையாகலாம் என்றனர். 1956இல் பிரித்தானியா தூய வளிச் சட்டத்தை இயற்றியது.

கரும்புகை குறைந்த பின்னர் எழுந்த வினா இதனினும் கடினமானது. கண்ணுக்குப் புலப்படாத நுண்துணிக்கைகளும் உயிரைப் பறிக்குமா? நாளாந்த மரண எண்ணிக்கை குளிராலும் பருவத்தாலும் தொற்றுநோயாலும் மாறும் இயல்பினது. அவற்றின் தாக்கத்தை முதலிற் கணித்து விலக்கி, எஞ்சிய ஏற்றத்தாழ்வு துணிக்கைகளின் அளவோடு இணைந்து செல்கின்றதா என நோக்குவதே புள்ளிவிபர மாதிரியுருவின் பணியாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா பள்ளத்தாக்கில் இதற்கோர் இயற்கையான பரிசோதனை வாய்த்தது. அங்கிருந்த உருக்காலை 1986 ஓகஸ்ட் முதல் 1987 செப்டெம்பர் வரை மூடப்பட்டிருந்தது. ஆலை இயங்கிய காலத்தில் இளஞ்சிறார் சுவாச நோய்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுதல், மூடியிருந்த காலத்தினும் ஏறக்குறைய இருமடங்காக இருந்தமையைப் பொருளியலாளர் ஆர்டன் போப் 1989இல் எடுத்துக்காட்டினார்.

1993இல் வெளியான ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஆறு நகர ஆய்வு 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை அவதானித்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கிலெடுத்த பின்னரும், மிக மாசடைந்த ஸ்ரூபன்வில்லின் மரண வீதம், மாசு மிகக் குறைந்த போர்ட்டேஜிலும் 26 வீதம் உயர்ந்திருந்தது. ஸ்ரூபன்வில் உருக்குத் தொழிலால் வாழ்ந்த நகர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1997இல் 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட துணிக்கைகளுக்கு அமெரிக்க அரசு முதன்முறையாக வரம்பு விதித்தபோது, கைத்தொழிற் தரப்பினர் மூலத் தரவுகளைக் கோரினர். அந்தரங்கம் காப்பதாகப் பங்குபற்றியோருக்கு ஆய்வாளர் வாக்களித்திருந்தனர். ஈற்றில், அரசும் மோட்டார் வாகனக் கைத்தொழிலும் நிதியளிக்கும் நிறுவனமொன்று சுயாதீன மறுபகுப்பாய்வை மேற்கொண்டது. 2000இல் வெளியான அதன் முடிவுகள் மூல ஆய்வை உறுதிப்படுத்தின.

எத்தனை பேர் இறந்தனர் என்பதைப் புள்ளிவிபரவியல் கூறும். அவர் யார் என்பதை அது கூறாது. மறுப்போர் ஊன்றி நின்றது இவ்விடைவெளியிலேயே. ஆயினும், பெயர் தெரியாமையால் மரணம் இல்லையென்றாகிவிடாது. சான்றிதழ்களில் இடம்பெறாத காரணத்தைச் சட்டத்தின் கவனத்துக்குக் கொணர்ந்ததே இக்கணிப்புகளின் வரலாற்றுப் பங்களிப்பு எனலாம்.