ஒரே புயல், இரண்டு இடுகாடு

"புயலுக்கு என்னங்க தெரியும், அது எல்லாரையும்தான் அடிக்குது." நிவாரணக் கணக்கு கேட்கப் போகிற நம் தோழர்கள் எல்லா அலுவலகத்திலும் கேட்டுச் சலித்த வாசகம் இது. இயற்கைச் சீற்றத்தில் சாதியைக் கொண்டு வராதீர்கள் என்கிறார்கள். பதில் சொல்ல நம்மூர் உதாரணங்களே போதும். ஆனால் நம்மூர் உதாரணத்தை எடுத்தால் "நீங்க எல்லாத்தையும் அப்படித்தான் பாப்பீங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். ஆகவே சாதி என்ற சொல்லுக்குப் பதிலாக நிறம் என்ற சொல் ஆட்சி செய்த ஒரு கடற்கரைக்குப் போவோம். ஆண்டு 1928.

அந்த செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் கிளம்பிய ஒரு சூறாவளி வரிசையாக மூன்று நிலங்களை அடித்தது. 12-ஆம் தேதி, அப்போது பிரெஞ்சுக் காலனியாக இருந்த குவாதலூப் தீவு. 13-ஆம் தேதி, அமெரிக்காவின் பிடியில் இருந்த போர்ட்டோ ரிக்கோ தீவு. 16-ஆம் தேதி ஞாயிறு மாலை, ஃப்ளோரிடா மாநிலத்தின் கிழக்குக் கடற்கரை. குவாதலூப்பில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். போர்ட்டோ ரிக்கோவில் 312 பேர். ஃப்ளோரிடாவில் குறைந்தது 2,500 பேர்.

இந்த மூன்றில் புயல் உச்ச பலத்தோடு இருந்தது போர்ட்டோ ரிக்கோவைக் கடந்தபோதுதான். அங்கே வீடிழந்தவர்கள் மட்டும் பல லட்சம். காப்பித் தோட்டமெல்லாம் வேரோடு போயிற்று. ஆனாலும் ஆட்கள் பிழைத்தார்கள். 1899-இல் இதே தீவில் இன்னொரு புயல் மூவாயிரம் பேருக்கு மேல் கொன்றிருந்தது. இந்த முறை தந்தி வழியாக எச்சரிக்கை மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வீடு போகட்டும், உயிர் தப்பட்டும் என்று ஒதுங்க நேரம் இருந்தது. மக்கள் அந்தப் புயலுக்கு, அது வந்த நாளுக்குரிய புனிதரின் பெயரால் சான் ஃபெலிப்பே என்று பெயர் வைத்தார்கள்.

பலம் குறைந்த பிறகு, தந்தியும் ரேடியோவும் காரும் உள்ள பணக்கார நாட்டின் கரையை அடைந்த அதே புயல் எப்படி எட்டு மடங்கு ஆட்களைத் தின்றது? கேள்வியை வானத்தைப் பார்த்துக் கேட்டுப் பயனில்லை. நிலத்தைப் பார்க்க வேண்டும். யாரை எங்கே குடியமர்த்தியிருந்தார்கள்?

கடலோரத்தில் பாம் பீச். பெரும் பணக்காரர்கள் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் தீவு. அங்கே ஓட்டல்களைக் கட்டிய கறுப்பினத் தொழிலாளர்கள் முதலில் அதே தீவில் 'ஸ்டிக்ஸ்' என்ற குடியிருப்பில் வாழ்ந்தார்கள். கட்டிடம் எழும்பியதும் ஆள் வேண்டாமல் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களை அப்புறப்படுத்தி, காயலுக்கு அக்கரையில் வெஸ்ட் பாம் பீச்சில் தள்ளிவிட்டார்கள். ஊரைக் கட்டியவன் ஊருக்கு வெளியே. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து உள்நாட்டில் சுமார் 40 மைல் போனால் ஓக்கிச்சோபி ஏரி. பேருக்குத்தான் ஏரி, கடல் மாதிரி கிடக்கும். 730 சதுர மைல் பரப்பு. ஆனால் சராசரி ஆழம் பத்தடிகூட இல்லை, விரித்துப்போட்ட தாம்பாளம்தான். அதன் தெற்கே இருந்த சதுப்பு நிலத்தைக் கால்வாய் வெட்டி வடித்து விவசாயம் ஆக்கினார்கள். கறுத்த சேற்று மண், அவரையும் காய்கறியும் கரும்பும் கொழித்தன. அறுவடைக்கும் களைக்கும் ஆள் வேண்டும். பஹாமாஸ் தீவுகளிலிருந்தும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்தும் கறுப்பினக் கூலிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வேலை முடிந்தால் போய்விடுகிற ஆட்கள். எந்தப் பதிவேட்டிலும் பேரில்லை. குடிசைகளும் கொட்டகைகளும் தாழ்வான தரையில்.

ஏரிக்கும் இவர்களுக்கும் நடுவே ஐந்தாறு அடி உயரத்தில் ஒரு கரை. அதுவும் அந்தச் சேற்று மண்ணாலேயே போட்டது. 1926-இல் மியாமியைத் தாக்கிய புயலில் இதே ஏரி உடைத்துக்கொண்டு மூர் ஹேவன் என்ற ஊரை மூழ்கடித்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. இரண்டு வருஷம் போயிற்று, கரை உயரவில்லை. 1928 ஆகஸ்டிலிருந்து மழை கொட்டி, ஏரி நிரம்பி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலோர நகரத்தில் வசதியுள்ளவர்கள் சன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். ஏரிக்கரை ஊர்களில், தாழ்வான இடத்தை விட்டுப் போங்கள் என்று சொன்னார்கள். பலர் போகவும் செய்தார்கள். ஆனால் சொன்ன நேரத்துக்குப் புயல் வரவில்லை. தப்பிச்சோம், வேற பக்கம் போயிடுச்சு என்று நிறையப் பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். திரும்பிய பிறகுதான் வந்தது.

'ஆயத்தம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பலகை அடிக்கப் பலகை வேண்டும். பலகை அடிக்கிற மாதிரி ஒரு சுவர் வேண்டும். வண்டியேறிப் போக வண்டி வேண்டும், போன இடத்தில் கறுப்பு ஆளை உள்ளே விடுகிற வீடு வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பாவிட்டால் கூலி போகாது என்ற உறுதி வேண்டும். இது எதுவும் இல்லாதவனைப் பார்த்து 'எச்சரிக்கையை மதிக்கவில்லை' என்று எழுதுவது சுலபம், பல பேர் எழுதியும் இருக்கிறார்கள்.

மாலை இருட்டும் நேரத்தில் புயலின் கண் வெஸ்ட் பாம் பீச் பக்கம் கரையேறியது. காற்று மணிக்கு 145 மைல். கறுப்பின மக்களின் மரவீடுகள் பிய்ந்து பறந்தன. அந்தப் பகுதியில் கான்கிரீட்டில் கட்டிய உறுதியான கட்டிடம் ஒன்று மேட்டில் இருந்தது, நகரத்தின் குப்பையை எரிக்கும் கூடம். காற்றுக்குள் ஓடிப்போய் அதில் ஒண்டி உயிர் பிழைத்தார்கள் மக்கள். மாளிகைகள் நிறைந்த கடற்கரையில் இவர்களுக்குத் திறந்திருந்த பலமான கூரை குப்பைக் கூடத்துடையது.

வடக்கே ஜூப்பிட்டர் கலங்கரை விளக்கத்தில் அன்றிரவு மின்சாரம் நின்றுவிட்டது. காவலரின் பதினாறு வயது மகன் விளக்கைக் கையாலேயே மணிக்கணக்கில் சுற்றினான். நல்ல பையன், மெச்ச வேண்டிய காரியம். ஆனால் இந்தப் புயலைப் பற்றிப் பேச்சு வந்தால் பலருக்கு முதலில் நினைவு வருவது அந்த ஒரு விளக்காக இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

ஏரியில் நடந்தது இது. புயலின் மையம் நெருங்கும்வரை காற்று வடக்கிலிருந்து வீசியது. ஆழமில்லாத ஏரியின் தண்ணீரையெல்லாம் தாம்பாளத்தைச் சாய்த்தது மாதிரி தெற்குக் கரைக்குத் தள்ளியது. சேற்றுக் கரை கரைந்து உடைந்தது. பெல் கிளேட், சவுத் பே, பஹோக்கி, இந்த ஊர்களின் வயல்களில் இரவோடிரவாக வெள்ளம் ஏறியது. மையம் கடந்ததும் காற்று திசை மாறி, தண்ணீர் திரும்பி வடகரையையும் அடித்தது. மக்கள் கூரைமேல் ஏறினார்கள், கூரை வீட்டோடு மிதந்து போனது. மரங்களைப் பிடித்துத் தொங்கினார்கள். அதே மரங்களுக்குப் பாம்புகளும் வந்து சேர்ந்தன. வெள்ளைக்கார விவசாயக் குடும்பங்களும் செத்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள்.

இதுவரை நடந்ததைக்கூட 'விதி' என்று சொல்லித் தப்பிக்கலாம். தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததை எந்தப் பெயரில் சொல்வது?

பிணங்களைத் தேடி எடுக்க ஆள் வேண்டும். உயிர் பிழைத்த கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துக்கொண்டு போய் அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். தன் பெண்டாட்டி பிள்ளையைத் தேட வேண்டியவன் ஊர்ப் பிணத்தைச் சுமந்தான். வேலையை விட்டு விலகிப் போக முயன்ற ஒருவரைக் காவற்படைக்காரர் சுட்டுக் கொன்றார். சவப்பெட்டிகள் கொஞ்சம்தான் இருந்தன, அவை வெள்ளையருக்கு. வெயிலில் ஊறி அழுகிய உடம்பில் நிறம் எங்கே தெரியும்? ஆனாலும் பிரித்தார்கள். கடலோர நகரத்தின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் 69 வெள்ளையரைப் புதைத்தார்கள். டாமரிண்ட் அவென்யூ ஓரத்தில் அநாதைப் பிணங்களுக்கென்று இருந்த பொறம்போக்கு மாதிரியான நிலத்தில், ஒரே குழியில், பெட்டியில்லாமல் 674 கறுப்பினத்தவர்களைக் கொட்டினார்கள். ஏரியின் கிழக்கே போர்ட் மயாக்காவில் இன்னும் 1,600 பேர் அளவுக்கு. அதற்குமேல் முடியாமல் போனபோது குவித்து எரித்தார்கள்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குப் பல நகராட்சிகளிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்டு, கையுறைகூட ஒழுங்காக இல்லாமல் பிணம் எடுத்தவர்கள் யார் என்பது இதைப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். ஃப்ளோரிடாவில் துப்பாக்கி தேவைப்பட்டது. இங்கே அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு வெகுகாலம் 1,836 என்ற எண்தான் அதிகாரபூர்வமாக இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2003-இல்தான் அமெரிக்க வானிலைத் துறை அதைக் 'குறைந்தது 2,500' என்று மாற்றியது. இருக்கும்போது கணக்கெடுக்கப்படாதவன் செத்தபோது எப்படிக் கணக்கில் வருவான்? பல வருஷங்களுக்குப் பிறகும் அந்த வயல்களில் உழும்போது எலும்புகள் கிடைத்தன.

அரசுப் பதிவேடு எழுதாததை ஒரு நாவல் எழுதியது. சோரா நீல் ஹர்ஸ்டன் ஃப்ளோரிடாவில் ஈட்டன்வில் என்ற கறுப்பர் ஊரில் வளர்ந்தவர், மானிடவியல் படித்தவர். 1928 புயலின்போது அவர் அங்கே இல்லை. அடுத்த ஆண்டு பஹாமாஸில் வேறொரு புயலை நேரில் பார்த்தார். 1935-இல் ஆலன் லோமாக்ஸோடு பெல் கிளேட் பகுதிக்கு வந்து தொழிலாளர்களின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஹைட்டியில் இருந்தபோது சில வாரங்களில் எழுதிய நாவல் 'தேர் ஐஸ் வேர் வாட்ச்சிங் காட்', 1937-இல் வெளிவந்தது. அவர்களின் கண்கள் கடவுளையே பார்த்துக்கொண்டிருந்தன என்று பொருள்.

அதில் புயலுக்கு முன்னால் வருகிற பக்கங்களை நம் எழுத்தாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். செமினோல் பழங்குடியினர் மேட்டுநிலம் தேடி வரிசையாக நடந்து போகிறார்கள். காரில் இடம் தருகிறேன் வா என்று ஒரு பஹாமாஸ் நண்பன் கூப்பிடுகிறான். நாயகன் டீ கேக் போகவில்லை. கூலி நன்றாக இருக்கிறது, பெரிய வீட்டு வெள்ளைக்காரன் இன்னும் கிளம்பவில்லையே என்கிறான். அவனுக்கு முதலாளியின் முகம்தான் வானிலை அறிக்கை. ஏழை ஏன் வெளியேறவில்லை என்பதற்கு இதைவிட நேர்மையான பதிலை நான் எந்த ஆய்வறிக்கையிலும் படித்ததில்லை. புயலுக்குப் பிறகு அதே டீ கேக்கைத் துப்பாக்கி காட்டி இழுத்துப் போகிறார்கள். நிறம் தெரியாத பிணங்களில் முடியைப் பார்த்து வெள்ளையா கறுப்பா என்று பிரிக்கச் சொல்கிறார்கள், பெட்டி வீணாகிவிடக் கூடாது என்று.

இந்த நாவல் வந்த ஆண்டே கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், இதில் கருப்பொருளும் இல்லை செய்தியும் இல்லை என்று விமர்சனம் எழுதினார். காதலும் சிரிப்பும் பாட்டும் சூதாட்டமும் அவருக்குப் போராட்டமாகத் தெரியவில்லை. ரைட்டின் கோபம் நமக்குப் புரியாததல்ல. 'கொண்டாட்டமா, கோபமா' என்று தலித் இலக்கியத்தில் நாமும் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சவப்பெட்டிக் காட்சியைத் தாண்டி வந்தும் இதில் செய்தி இல்லை என்று ரைட் எப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவரவர் கொட்டகையில் பாட்டும் அடிதடியுமாக உயிரோடு இருந்த மனிதர்களை முதலில் காட்டியதால்தான், பின்னால் வருகிற குழியில் கிடப்பது வெறும் எண்ணிக்கையாக இல்லை.

ஹர்ஸ்டன் 1960-இல் அதே கடற்கரையில், வெஸ்ட் பாம் பீச்சுக்கு வடக்கே ஃபோர்ட் பியர்ஸில், கையில் காசில்லாமல் செத்தார். அவர் குழிக்கும் கல் இல்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் தேடிப் போய், இடுப்பளவு புதருக்குள் இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்துக் கல் நட்டார்.

டாமரிண்ட் அவென்யூக் குழி அதற்கும் அதிக காலம் காத்திருந்தது. 1928 செப்டம்பர் 30 அன்று இரண்டு இடுகாட்டிலும் தனித்தனியாக இரங்கல் நடந்தது. கறுப்பர் குழியருகே கல்வியாளர் மேரி மெக்லியாட் பெத்யூன் வந்து நின்றார். வெள்ளையர் குழிக்கு நினைவுக்கல் நட்டார்கள். இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பிற்பாடு நிலம் கைமாறியது, ஒரு பகுதியின்மேல் தெருவை நீட்டிப் போட்டார்கள், 674 பேரின்மேல் வண்டி ஓடியது. உள்ளூர்க் கறுப்பின மக்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2000-இல் நகராட்சி நிலத்தைத் திரும்ப வாங்கியது. 2002-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அது ஏறியது. இடத்தின் பெயர் ஏறியது. உள்ளே கிடப்பவர்களில் பெரும்பாலோரின் பெயர் யாரிடமும் இல்லை.