திருத்தணி வட்டார மணவிலக்கு ஆவணங்கள்

கே.ஜி.கண்டிகை, திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி வட்டத்தில் உள்ள ஊராகும். இவ்வட்டாரத்தின் பழைய மணவிலக்குத் தீர்ப்பைத் தேடுவோர், முதலில் வழக்கு நடந்த ஆண்டை அறிய வேண்டும். ஊர் இடம் மாறவில்லை. மாவட்டமும் மாநிலமும் மாறின.

திருத்தணி முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தின் பகுதியானது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டுச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. ஆகவே, 1960-க்கு முந்தைய வழக்குகளுக்குச் சித்தூர் நீதிமன்றங்களில் தேடத் தொடங்குவதே முறை.

சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு நீதிமன்ற மணவிலக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. சாதி வழக்கப்படியான மணவிலக்கையும் இச்சட்டம் ஏற்றது. ஊர்ப் பெரியவர்கள் முன் வாய்மொழியாக முடிந்த அத்தகைய விலக்குகளுக்கு நீதிமன்றக் கட்டு இராது.

திருமணம் நடந்த இடம், தம்பதியர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றிலும் வழக்குத் தொடரலாம். 2003 முதல் மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே தொடரலாம். எனவே ஆவணம் வேறு ஊரிலும் இருக்கக்கூடும்.

வழக்கு எண், ஆண்டு, இருவர் பெயர் ஆகியவற்றுடன் அந்த நீதிமன்றத்தில் நகல் மனு அளித்துச் சான்றிட்ட நகல் பெறலாம். வழக்கில் தொடர்பில்லாதவர் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். அண்மைக்கால வழக்குகளை மின்நீதிமன்ற இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். மறுமணம், வாரிசுரிமை, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றில் உரிமையை மெய்ப்பிக்க இந்நகல் தேவைப்படும்.