பணிக்கரின் கோடும் நந்தகோபாலின் தகடும்

அப்பா கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) ஓவியர், மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) சிற்பி. துறை வேறானாலும், படைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இருவருக்கும் கோடுதான் ஆதாரம் என்பது விளங்கும். அந்தக் கோட்டிடம் அவர்கள் வாங்கிய வேலைதான் வேறு.

கேரளத்துத் தென்னையையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய பணிக்கர், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பி டி.பி. ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரானார். மேற்கத்திய நவீனத்தை நன்கு அறிந்தவர். அதன் நிழலில் நிற்க மனம் ஒப்பவில்லை. 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமான வரிகள். படிக்கப் போனால் பொருள் பிடிபடாது. எழுத்திலிருந்து அர்த்தத்தைக் கழற்றிவிட்டு அதன் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

நந்தகோபால் லயோலாவில் இயற்பியல் முடித்து, அதே கலைக் கல்லூரியில் பயின்றது ஓவியம். சிற்பத்துக்கு ஓவியனின் கண்ணோடு வந்தார். செம்பு, பித்தளைத் தகடுகளை வெட்டி, தட்டி, பற்றவைத்தார். சிலவற்றில் எனாமல் வண்ணமும் ஏற்றினார். சுற்றிவந்து பார்க்கவேண்டிய உருவங்கள் அல்ல அவை. மூலவருக்குச் சாத்திய கவசம்போல முகப்பிலேயே எல்லாம் இருக்கும். இந்த முகப்புச் சிற்ப முறையை அப்பாவின் சொத்தாக மட்டும் கணக்கெழுத முடியாது, சிற்பி பி.வி. ஜானகிராம் ஏற்கெனவே தகட்டில் வழி போட்டிருந்தார்.

பிரிவது கதையில். மகனின் கருடனையும் அனுமனையும் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். அப்பா வெளியே அனுப்பிய கதையை மகன் திரும்ப அழைத்துக்கொண்டார். மேற்கைச் சாராத மொழி ஒன்று உண்டென்று நிறுவும் பாரம் பணிக்கரின் தலைமுறைக்கு இருந்தது. மகன் வரும்போது அந்த வழக்கு பெரும்பாலும் முடிந்திருந்தது. புராணத்தைத் தொட்டால் பழமை ஒட்டிக்கொள்ளும் என்று அவர் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, கைத்தொழில். பணிக்கர் 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பிழைத்தார்கள். கைவினை சோறு போட்டது. ஓவியம் அதற்கு அப்பால் நின்றது. அங்கேயே வாழ்ந்த நந்தகோபாலிடம் இந்தப் பிரிவினை இல்லை. தட்டுவதும் பற்றவைப்பதுமே அவர் கலை. கலையைக் காப்பாற்ற அப்பா வைத்துக்கொண்ட பக்கத்தொழில், மகனிடம் கலையாகவே ஆயிற்று. அப்பாவின் பாணியைத் தொடராமலே அவர் வாரிசானது இப்படித்தான்.