டென்னிஸ் எல்போ: குமாஸ்தாவிலிருந்து சச்சின் வரை

ரெண்டு மாசமா வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டீ டம்ளரைத் தூக்கினா சுரீர்னு இழுக்குது. நாகர்கோவில் வந்ததும் அம்மா சொன்னது, "ஆசான்ட்ட போய்க் காட்டு மக்ளே". வர்மம் பாக்கற ஆசான் எண்ணெய் தடவிட்டு, "பாரம் தூக்காத" என்றார். டாக்டர் சொன்ன பேர்: டென்னிஸ் எல்போ. நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லீங்க!

தேடிப் பாத்தா விஷயம் சுவாரசியம். 1873-ல் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த வலியை முதலில் பதிவு செய்தது எழுதுகிறவர்களிடம். அதாவது அந்தக் காலத்து குமாஸ்தா கைவலி. 1880-களில் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவினதும்தான் இந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. மவுஸ் பிடிக்கிற நமக்குத்தான் முதல் உரிமை :)

நம்ம நாட்டில் இதை வீட்டுக்கு வீடு தெரிய வெச்சவர் சச்சின். 2004 ஆகஸ்டில் ஆரம்பித்த வலி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ரெண்டு டெஸ்ட் போச்சு. 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை. அதுக்கப்புறம் மட்டையைத் தூக்கவே சிரமம்; கிரிக்கெட் முடிஞ்சுதோன்னு பயந்ததாக அவரே பின்னாடி சொல்லியிருக்கார். நான் அப்ப மூணாங்கிளாஸ். எங்க தெருவில் பெரியவங்களுக்கும் அதே கவலைதான். அக்டோபர் 25, நாக்பூரில் இலங்கைக்கு எதிரா திரும்பி வந்து 93 ரன். டிசம்பர் 10, டெல்லியில் 35-வது டெஸ்ட் சதம். கவாஸ்கர் சாதனை காலி.

நிறைய பேருக்குக் கத்தி தேவைப்படாது. மணிக்கட்டை மேலே தூக்குற தசையின் தசைநாண், முழங்கை எலும்பில் ஒட்டுற இடத்தில் நைந்து போவதுதான் பிரச்சினை. இது வெறும் வீக்கம் இல்லை, திசுவே சிதைவது என்று 1979-ல் நிர்ஷல், பெட்ரோன் இருவரும் எழுதினார்கள்.

எனக்கு அவசரம், புராஜெக்ட் முடிக்கணும். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கலாம்னு இருந்தேன். 2013-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு தடுத்தது. 165 பேரில் ஊசி போட்டவங்களுக்கு முதலில் நல்ல சுகம். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா, வெறும் மருந்தில்லா ஊசி போட்டவங்களை விட அவங்களுக்குத்தான் வலி அதிகமாகத் திரும்பியிருந்தது.

அதனால் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அரைக்கிலோ எடையை மெதுவா இறக்கிட்டிருக்கேன். ஆறு வாரம் ஆச்சு. டம்ளர் தூக்க முடியுது. தண்ணிக் குடம்? பொறுமை. சச்சினுக்கே அஞ்சு மாசம் ஆச்சே!