மலைமேல் ஒரு கல்விச்சாலை

அனந்தபுரத்துச் சிறுவர் சிலருடன் ஏற்காட்டிலுள்ள மாண்ட்போர்ட் பள்ளியைக் கண்டோம். ஓங்கிய மரங்கள், மலர்ப்பாத்திகள், விரிந்த ஆடுகளம்: படைத்தவரைப் போற்ற வைக்கும் வளாகம்.

இதன் வேர் துன்பத்தில் ஊன்றியது. பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சட்டம் துறவற சபைகளை நெருக்க, புனித காபிரியேல் சகோதரர் பலர் தாயகம் துறந்தனர். 1903இல் இந்திய மண்ணை அடைந்தனர். 1917இல் இப்பள்ளியை நிறுவினர்.

அவர்கள் தந்தையெனப் போற்றும் புனித லூயி மரி தெ மோண்ட்போர்ட் (1673-1716), லா ரோஷெல் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி கண்டவர். ஏற்காட்டுப் பள்ளியோ தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கென எழுந்தது. காலப்போக்கில் இந்திய மாணவர்க்கும் அதன் கதவு திறந்தது.

"சாமி, இங்கே படிக்க எவ்வளவு பணம் கட்டணும்?" என்றான் ஒரு சிறுவன். விடை கூற நா எழவில்லை.

நாடிழந்து வந்தோர் நட்ட மரத்தின் நிழல் இது. அதனைக் குறை கூறுதல் நன்றியன்று. அந்நிழல் ஏழைக்கும் எட்ட வேண்டுமென விழைதல் நம் கடன். மோண்ட்போர்ட்டாரின் முதல் பள்ளியும் அதனையே நினைவூட்டுகிறது.

ஊர் திரும்பியதும், மறைக்கல்வி நடக்கும் கோவில் முற்றத்தில் அச்சிறுவன் கையாலேயே ஒரு வேப்பங்கன்று நட்டோம். அன்பர்களே, நிழல் தரும் பணியை எங்கேனும் தொடங்கத்தானே வேண்டும்?