ஓர் அடைப்பில் பல ஊர்வன: சமாதானம் எனும் பொய்ச்சான்று

ஊர்வன வகையைச் சேர்ந்த பல ஜீவன்களை ஒரே அடைப்பில் வளர்க்கலாமா என்ற வினாவுக்கு, ஒன்றையொன்று கடித்துக் குதறாதவரை வளர்க்கலாம் என்று விடையிறுப்பதே பெருவழக்காக இருக்கிறது. சண்டையின்மையை க்ஷேமமாகக் கருதும் இந்த அபிப்பிராயம் அடிப்படையிலேயே பிழையானது என்பது என் துணிபு.

ஒன்றையொன்று உண்ணும் அபாயம் வெளிப்படையானது. ராஜநாகத்துக்குப் பிற பாம்புகளே பிரதான ஆகாரம். கட்டுவிரியனும் பாம்பை விழுங்கும். ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் தோற்றுவித்து, 1972-இல் சென்னையின் கிண்டிக்கு வந்த பாம்புப் பண்ணையைப் பார்த்தவர் எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கண்ணுக்குப் புலப்படாத பகையோ வேறு. பெல்ஜிய விஞ்ஞானி ரோடைன் 1934-இல் விவரித்த எண்டமீபா இன்வேடன்ஸ் என்னும் ஓரணு ஜீவி, தாவரம் உண்ணும் ஆமையின் குடலில் பெரும்பாலும் யாதொரு தீங்கும் இழைக்காமல் தங்கியிருக்கும்; ஆமை நன்றாக இரை தின்னும், கண் தெளிவாக இருக்கும், ஓடு உறுதியாக இருக்கும். அதன் மலத்தோடு வெளிப்படும் நுண்ணிய உறைகள் குடிநீர்க் கிண்ணம் வழியாகவோ, காப்பாளர் கையிலுள்ள கொக்கி வழியாகவோ பாம்பின் வயிற்றை அடைந்துவிட்டால், அதே ஜீவி குடற்சுவரைத் துளைத்துப் புண்ணாக்கி, ஈரலுக்கும் பரவி, இரத்தங்கலந்த சளியாக மலம் கழியும் நிலைக்குப் பாம்பைக் கொணர்ந்து, சில வாரங்களிலேயே உயிரைக் குடித்துவிடக்கூடும். ஆமை பாம்பைத் தொடவுமில்லை; பாம்பு ஆமையைப் பார்த்துச் சீறவுமில்லை. ஆகவே சமாதானமான அடைப்பே அதிக நாசம் விளைக்கவல்லது என்பது வெறும் அலங்கார வார்த்தையன்று.

ஆமைகளுக்குள்ளேயும் இதே நியாயம் செல்லும். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இல்லங்களின் கண்ணாடித் தொட்டிகளில் வளரும் செங்காது ஆமை, அமெரிக்காவின் மிஸிஸிப்பிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. வெயில் காயும் கல்லை அது ஆக்கிரமித்துக்கொள்ள, உடனுள்ள ஆமை நீரிலேயே தங்கிவிடுகிறது. வெயிலின்றி அதற்குச் சீரணமும் சரிவர இல்லை. பிரான்சில் நடந்த பரிசோதனைகளில், இவ்வாறு சேர்த்து வைக்கப்பட்ட ஐரோப்பியக் குளத்தாமைகள் எடை குறைந்தன. அவற்றில் இறந்தவையும் மிகுந்தன.

கிண்டி வனத்தில் உடும்பும் சாரையும் ஒரே நிலத்தில் வாழவில்லையா என்று கேட்பார் உண்டு. அவ்வனம் ஏறக்குறைய 270 ஹெக்டேர். அங்கே வெறுப்பவன் விலகிப் போகலாம், மலம் மழையில் கரைந்து போகும். நாலடித் தொட்டியில் இவ்விரண்டும் இல்லை. இயற்கையின் சான்றை அடைப்புக்குப் பொருத்துவது, காரணத்தை விட்டுக் காரியத்தைப் பிடிப்பதாகும்.

ஓரினத்துக்கு ஓரடைப்பு, ஒவ்வோர் அடைப்புக்கும் தனிக் கொக்கி, தனிக் கிண்ணம் என்பதே விதியாக வேண்டும். நம் நாட்டு ஆமைகளை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றை வீட்டில் வளர்க்கும் எண்ணமே வேண்டாம். செங்காது ஆமையை வைத்திருப்போர், அது பெருத்துவிட்டதென்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாமல், வனத்துறையினரிடம் கேட்டு நடந்துகொள்ளும்படி வேண்டுகிறேன்.